கடல் ரோட்டில் நின்ற புள்ளி

சாமு,

நீயும் ஷீபாவும் காட்பாடியில் ரயில் ஏறிப் போய் ஒரு வாரம் ஆகிறது. வாடகை நாற்காலிகளை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் கட்டிய சீரியல் லைட்டை மட்டும் இன்னும் யாரும் கழற்றவில்லை. உன் அப்பா பழையபடி காலை ரயிலைப் பிடித்து வேலூர் ஆஸ்பத்திரி லேபுக்குப் போகிறார். நான் பழையபடி ஃபேக்டரி வேனுக்கு நிற்கிறேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அந்த நிறைவு இருக்கிறது. ஆனால் உன் மனைவி கேட்டுவிட்டுப் போன ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அது என்னை விடமாட்டேன் என்கிறது. அதனால்தான் ஃபோனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபோனில் என்றால் பாதியில் நீ ஏதாவது ஜோக் அடிப்பாய், நானும் சிரித்துவிடுவேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் உங்களுக்குக் கொடுத்தனுப்ப ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தேன். ஷீபா வந்து பக்கத்தில் நின்றாள். "அத்தை, அவரு அந்த சைக்கிள் கதைய சொல்லும்போதெல்லாம் நீங்க எழுந்து போய்டறீங்க. ஏன் அத்தை?" என்றாள். அடுப்பில் ஏதாவது இருந்திருக்கும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் மேற்கொண்டு கேட்காமல் மூடியை வாங்கி இறுக்கிக் கொடுத்தாள். கவனிக்கிற பெண், சாமு. உனக்கு அப்படி ஒருத்திதான் வேண்டும்.

அவள் சொன்னது சரிதான். வரவேற்பில் நீ மைக்கைப் பிடித்து, "எங்க அம்மா ஆம்பூர்ல ஆபீஸ்ல உக்காந்துகிட்டே ஹாலந்துல கடலோரத்துல விழுந்து கிடந்த என்னைக் கண்டுபுடிச்சாங்க" என்று ஆரம்பித்ததும் நான் எழுந்து போனேன். பந்தியில் தண்ணீர் வைத்தார்களா என்று பார்க்கப் போவதாக உன் அப்பாவிடம் சொன்னேன். ஜனங்கள் கைதட்டியது அங்கேயும் கேட்டது. உன் தோஸ்த் இம்தியாஸ் விசிலடித்ததும் கேட்டது. எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

நீ ஆறாவது படிக்கும்போது சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து நீ வீட்டில் தங்கினதே இல்லை. இம்தியாஸ் தெருமுனையில் பெல் அடித்தால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாய். ஒரு சனிக்கிழமை நான் ஃபேக்டரியிலிருந்து வந்தபோது உன்னைக் காணோம். இம்தியாஸோட அம்மாவும் முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு தெருவில் நின்றிருந்தார். விளக்கு வைத்த பிறகுதான் இரண்டு பேரும் வந்தீர்கள். ஹைவேயிலேயே மிதித்து நாட்றம்பள்ளி வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறீர்கள். அந்த அம்மா தன் பிள்ளையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்கும் கை பரபரத்தது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குச் சொல்ல அவ்வளவு இருந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு உன் எதிரில் உட்கார்ந்தேன். எந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளினீர்கள், எந்த டீக்கடைக்காரர் காசு வாங்காமல் வாழைப்பழம் கொடுத்தார், வாணியம்பாடி தாண்டினதும் தோல் பதனிடுகிற டேனரி நாற்றம் எந்த இடத்தில் நின்றது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாய். நான் அந்த ரோட்டில் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். நீ சொல்லித்தான் அப்படி ஒரு ரோடு இருப்பது எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் நீ வளர்ந்தாய். மீசை முளைத்ததும் பேச்சு குறைந்தது. எங்கேடா போன என்றால் சும்மா என்பாய். யார்கூட என்றால் ஃப்ரெண்டுங்க என்பாய். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அதற்காக நான் வருத்தப்பட்டதாக நினைக்காதே. கல்லூரி முடித்து பெங்களூரில் வேலைக்குப் போனாய். அப்புறம் ஹாலந்து. ஏர்போர்ட்டில் கையசைத்துவிட்டு உள்ளே போகும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை. அழுகிறாய், அதைக் காட்டக் கூடாது என்று திரும்பவில்லை என உன் அப்பா சொன்னார். இருக்கலாம்.

அங்கே போய் முதலில் வாங்கியது ஒரு சைக்கிள்தான். அடுத்து ஹேண்டில்பாரில் மாட்டுகிற ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கினாய். ஒரு நாள் எனக்கு ஈமெயிலில் ஒரு மேப்பை அனுப்பினாய். பச்சை நிலத்துக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு. எங்கள் ஃபேக்டரி ஷிப்பிங் செக்ஷனில் கம்ப்யூட்டர் என் மேஜையில்தான் இருந்தது. கன்டெய்னர் பேப்பர்களை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி ஃபோன் பண்ணி, "அதுதாம்மா நான் இன்னிக்குப் போன வழி. அந்தக் கருவி நான் போற எடத்தையெல்லாம் தானா எழுதி வச்சுக்கும்" என்றாய். நீ எங்கே போனாய் என்பது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மறுபடி எனக்குத் தெரிந்தது, அதுவும் நான் கேட்காமலே.

அடுத்த வருஷம் புது ஃபோன் வாங்கினாய். அதில் இருந்த ஆப் இன்னும் அதிசயம். நீ ஓட்டிக்கொண்டு போகும்போதே இங்கே மேப்பில் ஒரு புள்ளி நகரும். ஃபோனிலிருந்து சிக்னல் வருகிற வரைக்கும் புள்ளி பச்சையாக இருக்கும், நின்றுபோனால் சாம்பல் நிறமாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தாய். அதற்காகவே வீட்டில் இன்டர்நெட் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு நான் உட்காரும் நேரத்துக்கு உனக்கு அங்கே காலை. நீ தெருவில் இறங்குவாய், இங்கே புள்ளி அசையும். உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "இன்னா, ஸ்கோர் எவ்ளோ?" என்று கேட்பார். கேலி பண்ணுவாரே தவிர, புள்ளி கொஞ்ச நேரம் நின்றால் அவரும் எழுந்து வந்து பார்ப்பார். வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களை எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி வாசித்து வைத்திருந்தேன். எதிர்க்காற்று என்றால் புள்ளி தவழும். ஆற்றங்கரை வந்தால் ஓடும். இவ்வளவு தூரத்தில் பிள்ளை இருக்கிற எந்த அம்மாவுக்கு இது கிடைக்கும் என்று பெருமையாக இருந்தது. ஃபேக்டரியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம்தான் அந்தக் கெட்ட காலம் வந்தது. வெளிநாட்டில் பெரிய பேங்குகள் விழுகின்றன என்று டிவியில் சொன்னார்கள். எங்களுக்கு அது டிவியில் பார்க்கிற சமாச்சாரமாக இல்லை. எங்கள் ஃபேக்டரிக்கு ஷூ ஆர்டர் கம்மியானது. ஸ்டிச்சிங் ஹாலில் பாதி விளக்கு எரியவில்லை. அந்த நாட்களில், ஒரு செவ்வாய்க்கிழமை டீ டைமில் சும்மா அந்தப் பக்கத்தைத் திறந்தேன். புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே அப்போது நடுப்பகல்கூட ஆகியிருக்காது. லீவு போட்டிருப்பாய் என்று நினைத்தேன். புதனும் நகர்ந்தது. அடுத்த வாரமும் நகர்ந்தது. ஃபோனில் மட்டும், "வேல ஜாஸ்திமா, அதான் பேச முடியல" என்றாய். உனக்கு வேலை போய்விட்டது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

உன் அப்பாவிடம் சொன்னேன். ஃபோன் பண்ணிக் கேட்டுவிடலாம், வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்று அவர் உடனே சொன்னார். நான்தான் தடுத்தேன். அவனே சொல்வான், அவன் மானத்தை நாம் ஏன் உடைக்க வேண்டும் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழு நிஜமும் இல்லை. நான் கேட்டால், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது உனக்கு உறைக்கும். அந்தப் புள்ளியை நீ அணைத்துவிடுவாய். அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. நீ வேலை போனதை மறைத்துக்கொண்டு வெளியே சுற்றுகிறாய். அப்படிச் சுற்றும்போதும் ஆப்பை ஓடவிடுகிறாய். பழக்கத்தில் விட்டாயா, யாராவது பார்க்கட்டும் என்று விட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லாமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளைப் பற்றி நீ சொல்கிற கதை எனக்கு மனப்பாடம். கடலை மறித்துக் கட்டின கரை, அதன்மேல் சைக்கிள் ரோடு. பலத்த காற்று. ஓட்டிக்கொண்டு போகும்போது ஈரத்தில் வழுக்கி, கல் சரிவில் உருண்டு கீழே போனாய். தோள்பட்டை எலும்பும் கணுக்காலும் உடைந்தன. ஃபோன் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. குளிரில் மேலே ஏறி வர முடியாமல் கிடந்தாய். இங்கே அம்மா புள்ளியைப் பார்த்து ஆளை அனுப்பினாள். நீ சொல்வது அவ்வளவுதான். என் மேஜையிலிருந்து நான் பார்த்ததை இன்றைக்குச் சொல்கிறேன்.

அன்றைக்கு ஒரே ஒரு கன்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்தது. அதன் பேப்பர்களுக்குப் பின்னால் மேப்பைத் திறந்து வைத்திருந்தேன். புள்ளி ஊரைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, நீ அதுவரைக்கும் போகாத தூரம் போனது. அப்புறம் இரண்டு பக்கமும் நீலம், நடுவில் நூல் மாதிரி ஒரு ரோடு. அதன் பாதியில் புள்ளி நின்றது. பச்சையாகத்தான் இருந்தது. தண்ணீர் குடிக்க நின்றிருப்பாய் என்று நினைத்தேன். ஒரு இன்வாய்ஸை டைப் பண்ணிவிட்டுப் பார்த்தேன், அங்கேயே நின்றது. டீ வந்தது, ஆறிப்போனது, அது அங்கேயே நின்றது. அவ்வளவு நேரமும் என் கை ஃபோன்மேல் இருந்தது, சாமு. உன் நம்பரை அழுத்தவில்லை. இந்த நேரத்தில் ஏன் கூப்பிடுகிறாய் என்று நீ கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி சாம்பலானது.

அப்புறம் கூப்பிட்டேன். அந்த ஊர் பாஷையில் ஒரு குரல் வந்தது, ஸ்விட்ச் ஆஃப் என்று புரிந்தது. திரும்பத் திரும்ப அதே குரல். யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. நீ போகிற தெரு ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. உன் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. உன்கூட வேலை செய்த ஒருத்தர் பெயர் தெரியாது. உன் காய்ச்சலுக்கு யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள் என்று தெரியாது.

அந்த நாட்டிலேயே எனக்குத் தெரிந்த ஒரே ஆள் மார்லீன். எங்கள் கன்டெய்னர்களை அங்கே துறைமுகத்தில் இறக்குகிற கம்பெனியில் வேலை செய்கிறவர். பல வருஷமாக ஈமெயிலில் பழக்கம், முகம்கூடப் பார்த்ததில்லை. சரக்கு லேட்டானால் கோபமாக எழுதுவார், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார், அவ்வளவுதான். அவருக்கு ஃபோன் போட்டேன். சரக்கு விஷயம் என்று நினைத்து அவர் ஒரு நம்பரைக் கேட்டார். என் பையனைக் காணவில்லை என்றேன். அதற்குமேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அப்புறம் மேப்பில் புள்ளி நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். கன்டெய்னர் நம்பர் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், அதில் தடுமாறவில்லை. அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். மீட்புப் படைக்குச் சொல்லிவிட்டுத் தானும் கிளம்புவதாகச் சொன்னார்.

ஃபேக்டரி வேன் கிளம்பிப் போய்விட்டது. நான் போகவில்லை. மேனேஜர் எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உன் அப்பா வேலூரிலிருந்து நேராக ஃபேக்டரிக்கு வந்தார். மூன்று பேரும் அந்தச் சாம்பல் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபோன் அடித்ததும் நான் எடுக்கவில்லை, உன் அப்பாதான் எடுத்தார். கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில இருக்கானாம். அந்தம்மா அவன் பக்கத்துலயே இருக்காங்களாம்" என்றார். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் மார்லீன் உன்னை வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போதும் எங்கள் ஈமெயில்களில் கன்டெய்னர் கடைசி வரியில்தான் வரும். அவருடைய முட்டி வலி, என் சர்க்கரை, அவருடைய மகள், நீ, இதெல்லாம்தான் முதலில்.

மறுநாள் உன்னிடம் ஃபோனைக் கொடுத்தார்கள். உன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "அம்மா, எனக்கு வேல போய்ட்ச்சு" என்றாய்.

"தெரியும்டா."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே."

அப்புறம், "அப்ப ஏம்மா கேக்கல?" என்றாய். நர்ஸ் வந்துவிட்டதாகச் சொல்லி ஃபோனை வைத்தாய். நான் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீயும் அதைக் கேட்கவில்லை. எலும்பு சேர்ந்தது. வேறு ஊரில் வேறு வேலை கிடைத்தது. அங்கேதான் ஷீபாவைப் பார்த்தாய். மறுபடி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தாய் என்று நீ சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பக்கத்தில் உன் புள்ளி அப்புறம் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறேன். கடைசிக் கோடு கடலுக்கு நடுவே முடிந்திருக்கும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடுவேன். நீ நன்றாக இருக்கிறாய், கூட ஒருத்தி ஓட்டுகிறாள், அதனால்தான் அது தேவைப்படவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் புள்ளி வேண்டும் போலத்தான் இருக்கிறது. என் பிள்ளை தெருவில் இறங்கிவிட்டான், திரும்புகிறான், மரத்தடியில் நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மத்தியானங்களுக்கு இன்றைக்கும் மனசு ஏங்குகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுபடி போடு என்று உன்னைக் கேட்கமாட்டேன். ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவனைத் தெரிந்துகொண்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. அதனால் இப்போது கல்யாணமானவனுக்கு ஒன்று சொல்கிறேன். ஷீபா எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. ஆனால் ஒரு நாள் அவள் ஜன்னல் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்றால், அவளாகச் சொல்லட்டும் என்று விட்டுவிடாதே. கிட்டப் போய்க் கேள். கோபப்பட்டால் படட்டும். ஒன்றுமில்லை என்று சொன்னால், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேள். கேட்கிறவர்களைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது, மனைவிமார்களுக்கும் பிடிக்காது. பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு. கேள்வி அவளுடையது.

அவளுக்கான பதில் இதுதான். உன் கதையில் நீ ஓட்டிக்கொண்டிருக்கும்போது வழுக்கி விழுந்தாய். நான் பார்த்ததில், ஃபோன் தண்ணீரில் விழுந்து புள்ளி சாம்பலாவதற்கு முன்னால் வெகுநேரம் நீ ஒரே இடத்தில் நின்றிருந்தாய். உனக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. ஜனங்கள் சிரித்துக் கைதட்டும்போது அந்தப் பச்சைப் புள்ளிதான் என் கண் முன்னால் வருகிறது, அதனால்தான் எழுந்து போகிறேன். கடைசியில் நீ வழுக்கித்தான் விழுந்தாய் என்பதை நம்புகிறேன். நீ சொன்னதால் நம்புகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நீ கேட்டாயே, ஏன் கேட்கவில்லை என்று. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். ஃபோனில் சொன்னாலும் சரி, அடுத்த தடவை வரும்போது சொன்னாலும் சரி, சொல்ல முடியாது என்றாலும் சரி.

அந்தக் குளிரில், அந்தக் காற்றில், அவ்வளவு நேரம் அங்கே நின்று என்ன யோசித்துக்கொண்டிருந்தாய், கண்ணு?

அம்மா